ஐசி-910எச் வைத்திருப்பவர்கள் என்ன சொல்கிறார்கள்? திருகோணமலையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஐகொம் ஐசி-910எச் என்பது 144 மெகாஹேட்ஸ், 430 மெகாஹேட்ஸ் ஆகிய இரண்டு பட்டைகளில் இயங்கும் மேசை வானொலி. பொழுதுபோக்காக வானொலியில் பேசும் அமெச்சூர் உரிமம் பெற்றவர்களுக்காக 2000களின் தொடக்கத்தில் சந்தைக்கு வந்தது. இப்போது உற்பத்தியில் இல்லை. ஆனாலும் செய்மதி வழியாகப் பேச விரும்புகிறவர்கள் இன்னும் இதைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள். உவர்மலையில் என் மேசையில் ஒன்று இருக்கிறது. மூதூரில் ஓய்வுபெற்ற கணித ஆசிரியர் ஒருவரிடமும், உப்புவெளியில் விடுதியொன்றின் மின்பராமரிப்பைப் பார்க்கும் நண்பரிடமும், கிண்ணியாவில் ஓர் இளைஞரிடமும் ஒவ்வொன்று இருக்கின்றன. நால்வருக்கும் நான்கு அபிப்பிராயம். புதிதாக உரிமம் எடுக்கிறவர்கள் கேட்பவற்றுக்கு அந்த நான்கையும் வைத்துக்கொண்டு பதில் எழுதியிருக்கிறேன். சாய்வு தெரிந்தால் அது என்னுடையது.

சுற்றிவளைக்காமல் சொல்லுங்கள், வாங்கலாமா?

செய்மதியும் எஸ்.எஸ்.பி.யும் (எப்.எம்.மைவிடத் தூரம் போகும் ஒற்றைப் பக்கப்பட்டைக் குரல் முறை) வேண்டுமென்றால் வாங்கலாம். நகருக்குள் எப்.எம்.மில் நண்பர்களோடு கதைப்பதற்கு மட்டும் என்றால் வேண்டாம். வாகனத்தில் பூட்டும் 50 வாற் இரட்டைப் பட்டைப் பெட்டியொன்றை மேசையில் வைத்து, நல்ல பவர் சப்ளை கொடுத்தால் அந்த வேலை முடிந்துவிடும். மிச்சக் காசை அன்ரனாவிலும் கேபிளிலும் போடுங்கள்.

அப்படியானால் இந்தப் பெட்டியில் என்னதான் விசேஷம்?

ஒரே நேரத்தில் ஒரு பட்டையில் பேசிக்கொண்டே மற்றப் பட்டையில் கேட்க முடியும். செய்மதியில் வேலை செய்ய இது அவசியம். நீங்கள் 145 மெகாஹேட்ஸில் மேலே அனுப்புகிறீர்கள். செய்மதி அதை 435இல் திருப்பிக் கீழே அனுப்புகிறது. உங்கள் குரல் மேலே போய்த் திரும்பி வருவதை நீங்களே காதில் கேட்கிறீர்கள். குரல் திரும்பி வராவிட்டால் எங்கோ பிழை என்று அந்தக் கணமே தெரிந்துவிடும்.

இதற்கென்றே தனியான செய்மதி நிலை உண்டு. அதில் இரண்டு மீடிறன்களையும் சேர்த்துக் கட்டிவிடலாம். ஆர்எஸ்-44 போன்ற செய்மதிகள் பட்டையைத் தலைகீழாகப் புரட்டி அனுப்புபவை. நீங்கள் மேலே மீடிறனைக் கூட்டினால் கீழே அது குறையும். பெட்டியில் எதிர்த்திசைத் தொடரலைத் தெரிவுசெய்துவிட்டால், ஒரு குமிழைத் திருப்பும்போது ஒன்று ஏற மற்றது தானாக இறங்கும். கைக்கு அடக்கமான கருவியில் இந்த வசதியைக் கொடுத்ததுதான் இதன் பெருமை. அகலம் 241 மில்லிமீற்றர், எடை 4.5 கிலோ; பாடசாலைப் பையில் வைத்துக்கொண்டு போகலாம், போயும் இருக்கிறோம்.

வலு, 144இல் 5 முதல் 100 வாற் வரை, 430இல் 5 முதல் 75 வாற் வரை. செய்மதிக்கு இதில் கால்வாசிகூட வேண்டாம். முழு வலுவோடு செய்மதியில் ஏறிக் கத்துகிறவர்களை யாருக்கும் பிடிப்பதில்லை. ஒருவர் அதிகம் எடுத்துக்கொண்டால் செய்மதி மற்றவர்களுடைய பங்கைக் குறைத்துவிடும்.

வைத்திருப்பவர்கள் சொல்லும் குறைகள் எவை?

எங்கள் நால்வரின் பேச்சில் மூன்று குறைகள் அடிபடுகின்றன.

முதலாவது, இரண்டு பக்கங்களையும் ஒரே பட்டையில் வைக்க முடியாது. 144இல் ஒரு மீடிறனை அவதானித்தபடி 144இலேயே இன்னொன்றில் பேச நினைத்தால் பெட்டி சம்மதிக்காது. வாகனப் பெட்டிகள் பலவும் செய்யும் இதை இந்த விலையுயர்ந்த கருவி செய்யவில்லையே என்று கிண்ணியா இளைஞருக்குப் பெரிய மனக்குறை. எனக்கு இது குறையாகப் படவில்லை. செய்மதிக்காரனுக்கு இரண்டு பட்டைகளும் எப்போதும் வேறு வேறுதான்.

இரண்டாவது, இரைச்சலைக் குறைக்கும் டி.எஸ்.பி. உள்ளே கட்டாயமாக வருவதில்லை. யூடி-106 என்ற சிறிய பலகையைத் தனியாக வாங்கிப் பூட்ட வேண்டும். இரண்டு பட்டைகளுக்கும் வேண்டுமென்றால் இரண்டு பலகைகள். பழைய பெட்டி வாங்கும்போது இது உள்ளே இருக்கிறதா என்று கேட்காமல் விலை பேசாதீர்கள்.

மூன்றாவது, மீடிறன் நிலைப்பு. தொழிற்சாலைக் கணக்குப்படி பத்து இலட்சத்தில் மூன்று பங்கு வரை விலகலாம். சொல்லக் கேட்டால் சிறிதாகத் தெரியும். 435 மெகாஹேட்ஸில் அது 1.3 கிலோஹேட்ஸ். எப்.எம்.மில் யாரும் கவனிக்க மாட்டார்கள். எஸ்.எஸ்.பி.யில் குரல் வாத்தின் குரலாக மாறிவிடும். மீடிறனைத் தீர்மானிக்கும் படிகம், நிலைப்புக் கூடியதாகத் தனியாக விற்கப்பட்டது. இப்போது தேடிப்பிடிப்பது சிரமம். மூதூர் ஆசிரியர் படிகமெல்லாம் தேடவில்லை. பெட்டியை அரைமணி நேரம் முன்னதாகப் போட்டுச் சூடாக்கிவிட்டே உட்காருவார், அவ்வளவுதான்.

சேர், நான் வாங்கிய பெட்டி 430இல் சத்தமே போடுவதில்லை. கருவி பழுதா?

அநேகமாக இல்லை. இந்தக் கேள்வியோடு வருகிறவர்களிடம் நான் முதலில் பார்ப்பது கூரையிலிருந்து இறங்கும் கேபிளைத்தான். கறுப்பாக, பென்சில் தடிப்புக்கும் குறைவாக இருந்தால் அது ஆர்ஜி-58. 430 மெகாஹேட்ஸில் அதன் 20 மீற்றர் நீளம் ஏழு எட்டு டெசிபெலைத் தின்றுவிடும். நீங்கள் 75 வாற் அனுப்பினால் அன்ரனாவுக்குப் போய்ச்சேருவது பன்னிரண்டு பதின்மூன்று வாற். மீதி கேபிளைச் சூடாக்குகிறது. கேட்கும் திசையிலும் இதே நட்டம். செய்மதியிலிருந்து வரும் மெல்லிய ஒலி வீட்டுக்குள் வருவதற்கு முன்பே செத்துவிடுகிறது.

அதே நீளத்துக்கு ஆர்ஜி-213 போட்டால் ஏறக்குறைய மூன்று டெசிபெல், அதாவது பாதி. இன்னும் தடித்த, நட்டம் குறைந்த கேபிள்களில் மூன்றில் இரண்டு பங்கு அன்ரனாவைச் சென்றடையும். 144இல் நட்டம் இவற்றில் பாதிக்கும் சற்று அதிகம்தான். அதனால்தான் ‘டூ மீற்றர் (144) நன்றாக இருக்கிறது, எழுபது சென்ரிமீற்றர் (430) சரியில்லை, கருவி பழுது’ என்ற முறைப்பாடு ஓயாமல் வருகிறது. பெட்டியைத் திறக்கும் முன் கேபிளைப் பாருங்கள்.

பின்புறத்தில் 144க்கு ஒரு வகைக் கனெக்டர், 430க்கு ‘N’ வகைக் கனெக்டர் இருப்பதும் இதே காரணத்துக்காகத்தான். ‘N’ வகையில் உயர்ந்த மீடிறனில் நட்டம் குறைவு, மழைத்தண்ணீரையும் ஓரளவு தடுக்கும். அதை மாற்றி மாற்றிப் பூட்டும் இடைத்துண்டுகளைக் கோர்த்து வைத்தால் அந்த நன்மை போய்விடும்.

கடல் பக்கத்தில் வீடு. உப்புக்காற்று இதைக் கெடுக்குமா?

பெட்டியைவிட அன்ரனாவைத்தான் முதலில் கெடுக்கும். கார்த்திகை, மார்கழியில் வாடை கடலிலிருந்து நேராக அடிக்கிறது; உப்புவெளி, நிலாவெளிக் கரையில் அந்த இரண்டு மாதங்கள் செய்யும் சேதத்தைக் கச்சான் காற்று வருடம் முழுவதும் அடித்தாலும் செய்யாது, ஏனென்றால் கச்சான் தரையிலிருந்து வருவது, காய்ந்தது.

உப்புவெளி நண்பரின் அன்ரனாவைச் சென்ற வாடைக்குப் பிறகு இறக்கிப் பார்த்தோம். அலுமினியக் குழாய் பளபளவென்றுதான் இருந்தது. குழாயை நடுத்தண்டோடு இணைக்கும் இரும்பு ஆணியைச் சுற்றி மட்டும் வெள்ளைத் தூள், விரலால் தொட்டால் மாவாக உதிர்ந்தது. இரண்டு உலோகங்கள், நடுவில் உப்புத்தண்ணீர். பற்றரி செய்வதற்கு வேறென்ன வேண்டும்? ஆணியைத் துருப்பிடிக்காத உருக்கு ஆணியாக மாற்றி, இணைப்பில் மசகு பூசி மூடினார். கேபிள் கனெக்டருக்குச் சாதாரணக் கறுப்பு டேப்பை மட்டும் சுற்றாதீர்கள். வெயிலில் பசை இளகி, அதுவே தண்ணீரை உள்ளே பிடித்துவைக்கும். தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பை இழுத்துச் சுற்றி, அதன்மேல் கறுப்பு டேப். கேபிள் வீட்டுக்குள் நுழையும் இடத்தில் கீழ்நோக்கி ஒரு வளைவு விட்டால் மழைநீர் அங்கே சொட்டிவிடும்.

பெட்டிக்கு எதிரி, கடலைப் பார்த்த ஜன்னல். குளிர்விக்கும் விசிறி காற்றோடு உப்பையும் உள்ளே இழுக்கும். மேசையை உள்சுவர்ப் பக்கம் தள்ளிவையுங்கள், பயன்படுத்தாதபோது துணியால் மூடுங்கள், சூடாக இருக்கும்போது மூடாதீர்கள்.

மின்னல்?

ஐப்பசியில் இடி தொடங்கினால் கேபிளைக் கழற்றி ஜன்னலுக்கு வெளியே போடுங்கள். மின்னல் காப்பான், புவித்தொடுப்பு எல்லாம் நல்லதுதான்; அவற்றை நம்பிக் கேபிளைப் பூட்டியே வைத்திருப்பது நல்லதல்ல.

எவ்வளவு தூரம் பேசலாம்?

100 வாற் என்றவுடன் யாழ்ப்பாணம், கொழும்பு என்று கனவு காண்கிறார்கள். இந்த மீடிறன்களில் தூரத்தைத் தீர்மானிப்பது வலுவைவிட உயரம். பத்து மீற்றர் உயரத்திலுள்ள அன்ரனாவுக்கு வானொலி அடிவானம் ஏறத்தாழ 13 கிலோமீற்றர். எதிர்ப்பக்கத்துக்கும் அதே உயரமென்றால் இரண்டும் சேர்ந்து 26. ஆகவே கொட்டியாரக் குடாவைத் தாண்டி மூதூரோடு பேசுவது சுலபம். நடுவில் தண்ணீர் தவிர வேறு தடையில்லை, ஐந்து வாற் போதும். கந்தளாய்க்கு அன்ரனாவை உயர்த்த வேண்டும் அல்லது திசைநோக்கிய அன்ரனா வேண்டும். எஸ்.எஸ்.பி.யில் கிடைமட்டமாக வைத்த நீண்ட யாகி எனும் திசைநோக்கிய அன்ரனா இருந்தால் எப்.எம்.மில் கேட்காதவர்களும் கேட்பார்கள். இந்தப் பெட்டியை வாகனப் பெட்டியிலிருந்து பிரித்துக்காட்டுவது இந்த இடம்தான்.

கடல் வேறு கதை. தரையிலிருந்து காய்ந்த வெப்பக்காற்று கடல்மேல் போய், கீழே ஈரமும் குளிர்ச்சியும் கூடிய காற்றின் மேல் படிந்து நிற்கும் நேரங்களில், அலை அந்த இரண்டு படைகளுக்கும் நடுவில் சிக்கி அடிவானத்தைத் தாண்டி ஓடும். திருகோணமலையிலிருந்து நாகப்பட்டினம் நேர்கோட்டில் சுமார் 290 கிலோமீற்றர், சென்னை சுமார் 500. இடையில் பெரும்பகுதி கடல். அப்படியான இரவுகளில் தமிழ்நாட்டுக் கரையோர நிலையங்கள் பக்கத்துத் தெருவிலிருந்து பேசுவதுபோல வந்துவிடும், விடிந்து வெயில் ஏறியதும் போய்விடும். மூதூர் ஆசிரியர் இதற்காகவே இந்தப் பெட்டியை வைத்திருக்கிறார். செய்மதியைப் பற்றிக் கேட்டால், ‘அது அட்டவணைப்படி வரும், இது அதன் விருப்பப்படி வரும், எனக்கு இதுதான் பிடிக்கும்’ என்பார்.

சுனாமி போன்ற அனர்த்தத்தில் இது உதவுமா?

மாவட்டத்துக்குள் உதவும். தலைநகரைத் தொடர்புகொள்ள என்றால் இதை நம்ப வேண்டாம். 2004 டிசம்பர் 26க்குப் பிறகு அம்பாந்தோட்டைக்கும் கொழும்புக்கும் இடையே இலங்கை அமெச்சூர்கள் தொடர்பு ஏற்படுத்தியது குறுஅலையில்தான். மலைகளைத் தாண்ட அதற்குத்தான் முடியும். முகாமிலிருந்து வைத்தியசாலை, குடாவின் இக்கரையிலிருந்து அக்கரை என்ற அளவுக்கு இரண்டு மீற்றர் பட்டை அருமையானது. ஆனால் அதற்கு 910எச் தேவையில்லை, கைப்பெட்டிகள் பல இருப்பதே மேல்.

மின்சாரம் போனால்?

முழு வலுவில் 144இல் பேசும்போது இது 23 அம்பியர் வரை இழுக்கும். எனவே 13.8 வோல்ற், 30 அம்பியர் பவர் சப்ளை வாங்குங்கள். 20 அம்பியர் சப்ளையை மாட்டிவிட்டு, பேசும்போது பெட்டி அணைந்து அணைந்து எரிகிறது என்று வருகிறவர்கள் உண்டு.

வெறுமனே கேட்டுக்கொண்டிருக்கும்போதே ஏறத்தாழ இரண்டு அம்பியர் போகும். 2022 மார்ச் இறுதியில் நாளுக்கு 13 மணிநேரம் மின்வெட்டு இருந்ததை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். அப்போது 100 அம்பியர்-மணி பற்றரியொன்று இருந்தவர்களுக்கு, கேட்பதோடு கொஞ்சம் பேசவும் தாராளமாகப் போதுமாக இருந்தது, வலுவைப் பத்து வாற்றுக்குக் குறைத்து வைத்திருந்தால். பெட்டி 13.8 வோல்ற்றிலிருந்து 15 சதவீதம் வரைதான் இறக்கத்தைப் பொறுத்துக்கொள்ளும், அதாவது 11.7 வோல்ற். பற்றரி பாதி இறங்கி, மெல்லிய வயரில் இன்னும் ஒரு வோல்ற் விழுந்தால் எஸ்.எஸ்.பி. குரல் சிதைய ஆரம்பிக்கும். பற்றரியிலிருந்து வரும் வயர் குறுகியதாகவும் தடித்ததாகவும் இருக்கட்டும்.

முதன்முதலாக எந்தச் செய்மதியைப் பிடிக்கலாம்?

சர்வதேச விண்வெளி நிலையம். அதிலுள்ள ரிப்பீற்றருக்கு (வாங்கிய குரலைத் திருப்பி அனுப்பும் கருவிக்கு) 145.990இல், அதைத் திறக்கும் 67 ஹேட்ஸ் தொனியோடு அனுப்பி, 437.800இல் கேட்க வேண்டும். அதற்கடுத்தது எஸ்ஓ-50 என்ற செய்மதி: மேலே 145.850, கீழே 436.795, அதே 67 ஹேட்ஸ் தொனி. இரண்டும் எப்.எம். ஒரு தடவை தலைக்கு மேலாகக் கடக்க ஏறத்தாழ பத்து நிமிடம்.

கீழே வரும் மீடிறன், செய்மதி நெருங்கி விலகுவதால் உண்டாகும் டொப்ளர் விளைவால் தொடக்கத்தில் பத்து கிலோஹேட்ஸ் வரை கூடியும் முடிவில் அதே அளவு குறைந்தும் இருக்கும். எப்.எம்.மில் ஐந்து கிலோஹேட்ஸ் படிகளாக இறக்கிக்கொண்டு வந்தால் சமாளிக்கலாம். ஆர்எஸ்-44இல் எஸ்.எஸ்.பி.க்கு வந்துவிட்டால் கை ஓயாமல் குமிழில் இருக்க வேண்டும், அல்லது கணினியைக் கொண்டு திருத்த வேண்டும். பின்புறத்தில் கணினிக்கான சிறிய துளை உண்டு; ஜிபிரெடிக்ட் போன்ற இலவச மென்பொருள் போதும். கிண்ணியா இளைஞர் கணினியில்லாமல் தொடமாட்டார். நான் கையாலேயே செய்கிறேன். சண்டை இன்னும் தீரவில்லை.

அன்ரனாவைச் சுழற்றும் மோட்டார் வாங்கக் காசு இல்லை என்று கவலைப்படாதீர்கள். சிறிய யாகியைக் கிடையிலிருந்து இருபது பாகை அளவில் நிமிர்த்திப் பூட்டிவிட்டு, கையால் திசையை மட்டும் திருப்பினாலே பெரும்பாலான கடப்புகளைப் பிடிக்கலாம்.

டிஎஸ்-2000, ஐசி-9700 இவற்றோடு ஒப்பிட்டால்?

கென்வூட் டிஎஸ்-2000இல் குறுஅலையும் சேர்ந்து வருகிறது. ஒரே பெட்டியில் எல்லாம் வேண்டும் என்பவர்களுக்கு அது பொருந்தும். ஆனால் அதன் உள்ளிருந்தே எழும் ஒரு கீச்சொலி எஸ்ஓ-50 இறங்கும் மீடிறனுக்குப் பக்கத்திலேயே விழுகிறது என்பது செய்மதிக்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி.

ஐசி-9700, 2019இல் வந்தது. 1200 மெகாஹேட்ஸும் அதிலேயே உண்டு, தொடுதிரையில் பட்டை முழுவதும் கண்ணால் தெரியும். யார் எங்கே பேசுகிறார்கள் என்று தேடித் திரிய வேண்டாம். காசு இருந்தால் அதையே வாங்குங்கள். 910எச்தான் உயர்ந்தது என்று பழைய ஆட்கள் சிலர் சொல்வதை நான் ஏற்றுக்கொள்வதில்லை. தாங்கள் வாங்கியதைத் தாங்களே புகழ்வது மனித இயல்பு.

துறைமுகக் கப்பல்களையும் மீன்பிடிப் படகுகளையும் இதில் அழைக்கலாமா?

கூடாது. கடல்சார் வானொலி 156 மெகாஹேட்ஸைச் சுற்றி இயங்குவது, 156.8 அவசர அழைப்புக்கானது. உள்ளே எதையாவது வெட்டி அந்த மீடிறனில் அனுப்பவைத்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் அந்தப் பக்கமே போகாதீர்கள். கடற்படைத் தளமும் சீனக்குடா விமானத்தளமும் உள்ள ஊர் இது. கேலிக்கு இடமில்லை.

உரிமம் இல்லாமல் கேட்பதற்கு மட்டும் வாங்கி வைக்கலாமா என்றும் கேட்கிறார்கள். இது அனுப்பும் கருவி. தொலைத்தொடர்புகள் ஒழுங்குறுத்தும் ஆணைக்குழுவின் பரீட்சையை எழுதி, 4எஸ்7 என்பதுபோலத் தொடங்கும் அழைப்புக்குறியைப் பெற்றபின் வாங்குங்கள். வெளிநாட்டிலுள்ள உறவினர் அனுப்புவதாக இருந்தாலும் அனுமதியை முதலில் எடுங்கள், பெட்டி சுங்கத்தில் வந்து கிடந்த பிறகு அல்ல.

கியூஓ-100க்கு இதைப் பயன்படுத்த முடியுமா?

முடியும், நேரடியாக அல்ல. அந்தச் செய்மதி கிழக்கு 25.9 பாகையில் ஒரே இடத்தில் நிற்கிறது. இங்கிருந்து மேற்கு வானில் சுமார் 26 பாகை உயரம், எனவே தென்னை மரம் மறைக்கிறதா என்று பாருங்கள். 2400 மெகாஹேட்ஸில் அனுப்பி 10 கிகாஹேட்ஸில் கேட்க வேண்டும் என்பதால் இடையில் மீடிறன் மாற்றிகள் தேவை. 910எச் அதற்குப் பின்னால் நன்றாக வேலை செய்யும். ஆனால் பெட்டியின் மிகக் குறைந்த வலுவே ஐந்து வாற். மாற்றிகள் பலவும் தாங்குவது அதைவிட எவ்வளவோ குறைவு. நடுவில் வலுவைக் குறைக்கும் தணிப்பான் வைக்காமல் பொத்தானை அழுத்தினால் மாற்றி அந்தக் கணமே போய்விடும்.

பழைய பெட்டியை வாங்கும்போது எதைச் சோதிப்பது?

விற்பவர் வீட்டுக்கே போய், இரண்டு பட்டைகளிலும் வலுவை அளவியில் பாருங்கள். 430இல் முப்பது வாற்றுக்குக் கீழே காட்டினால் விலகிவிடுங்கள். எஸ்.எஸ்.பி.யில் பேசி இன்னொரு வானொலியில் கேளுங்கள். குமிழைச் சுற்றும்போது எண்கள் தாவுகின்றனவா, திரையில் மங்கிய மூலைகள் உண்டா, விசிறி சுழல்கிறதா என்று கவனியுங்கள். மூடியின் திருகாணிகளின் தலை தேய்ந்திருந்தால் உள்ளே யாரோ கைவைத்திருக்கிறார்கள். ஏன் என்று கேளுங்கள்.

கடைசியாக, முன்பெருக்கிப் பொத்தான். வரும் மெல்லிய ஒலியைப் பெருக்கிக் கொடுக்க, கம்பத்தில் பூட்டும் ஏஜி-25, ஏஜி-35 முன்பெருக்கிகளுக்காக இந்தப் பெட்டி அன்ரனாக் கேபிளின் வழியாகவே மின்னழுத்தம் அனுப்பக்கூடியது. விற்பவர் அந்த வசதியைத் திறந்து வைத்திருந்து, உங்கள் அன்ரனா நேரடியாகப் புவித்தொடுப்புச் செய்யப்பட்ட வகையாக இருந்தால் அது குறுஞ்சுற்று. வீட்டுக்குக் கொண்டுவந்ததும், கேபிளைப் பூட்டுவதற்கு முன், அதை நிறுத்திவிடுங்கள்.